மதராஸ் சீமாட்டியின் பெயர் தாங்கிய மலைப்பூ

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்தில் நடந்த குருப்பட்டத் திருப்பலி ஒன்றில் பங்கேற்றோம். பீடத்தை அணிசெய்ய வெளியூரிலிருந்து மலர்கள் தருவித்திருந்தார்கள். ரோசாவும் லில்லியும் நிறைந்த கொத்துகளின் நடுவே, இரு கைகளையும் குவித்தால் மட்டுமே அடங்கக்கூடிய பெரிய பூ ஒன்று தலைநிமிர்ந்து நின்றது. வெளியே இளஞ்சிவப்பில் செதில் செதிலாய் அடுக்கு. உள்ளே வெண்பட்டு நூலை நெருக்கிக் கட்டியது போன்ற கூம்பு. திருப்பலி முடிந்து வெளியே வருகையில், தோவாளையில் தலைமுறை தலைமுறையாகப் பூக்கட்டி வரும் குடும்பத்து மூதாட்டி ஒருவர் நம்மை நிறுத்தினார்.

“சாமி, இது பூவா, அன்னாசிக் காயா?”

பூதான் என்றோம். அவர் அதை விரலால் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். “மணமும் இல்ல. நார்ல கோக்கவும் முடியாது. இத வச்சு என்ன செய்யதுக்கு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பிச்சியையும் மல்லிகையையும் மரிக்கொழுந்தையும் விடியுமுன் எடைபோட்டு வாங்கி, வெயில் ஏறுமுன் மாலையாக்கிவிடுகிற கை அது. அதன் தீர்ப்பை மறுக்க நம்மிடம் அப்போது எந்த விவரமும் இருக்கவில்லை. பின்னர் தேடிப் படித்தபோது, அந்தப் பூவின் வரலாறு குளச்சல் கடற்கரையையும் பழைய மதராஸ் மாகாணத்தையும் தொட்டுச் செல்வதைக் கண்டு வியந்தோம். அதனையே இங்கு எழுதத் துணிகிறோம்.

பூவின் பெயர் புரோட்டியா. கிரிக்கெட் ஆட்டம் பார்க்கும் நம் பங்குப் பிள்ளைகளுக்கு இப்பெயர் புதிதன்று. தென்னாப்பிரிக்க அணியை அப்படித்தான் அழைக்கிறார்கள். அந்நாடு 1976இல் இக்குலத்தின் மிகப் பெரிய பூவைத் தன் தேசிய மலராக ஏற்றது. நினைத்த உருவை எடுக்கும் புரோட்டியஸ் என்ற கடல்தெய்வம் கிரேக்கக் கதைகளில் உண்டு. ஒரே குலத்திற்குள் இத்தனை வடிவங்களா என்று திகைத்த லின்னேயஸ் 1735இல் அத்தெய்வத்தின் பெயரையே செடிக்கு இட்டார். நாம் இதழ் என்று எண்ணுவது இதழன்று. பூங்கொத்தைச் சூழ்ந்து நிற்கும் நிறமேறிய இலைச்செதில்களே அவை. உள்ளே நூற்றுக்கணக்கில் நெருங்கி நிற்கும் நூல்கள்தாம் உண்மையான பூக்கள். தோவாளை மூதாட்டியின் ஐயம் முற்றிலும் தவறானது என்று சொல்வதற்கில்லை. அவர் கண்டது ஒரு பூ அன்று, ஒரு கூடைப் பூ.

இக்குலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்முனையாகிய கேப் பகுதிக்கு உரியவை. பூக்கடைகளுக்கு வருவனவும் அவையே. ஆனால் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் அம்முனையை விட்டு வடக்கே நகர்ந்து, கோடையில் மழை பெறும் மலைப்புல்வெளிகளிலும் திறந்த காடுகளிலும் வாழ்கின்றன. தோட்டக்காரர்கள் இவற்றைத் தேடுவதில்லை. பூவியாபாரிகளுக்கு இவற்றின் பெயரும் தெரியாது. கிளிமஞ்சாரோ, கென்யா போன்ற மலைகளின் காடு முடிந்து புதர் தொடங்கும் உயரத்தில் ஓர் இனம். அங்கோலா, சாம்பியா நாடுகளின் மியோம்போக் காடுகளில் வேறு சில. தென்னாப்பிரிக்காவிலிருந்து எத்தியோப்பியா வரை சிதறிக் கிடக்கும் மற்றொன்று. நம் உள்ளத்தை ஈர்த்தவை இந்தக் காட்டுவாசிகளே.

இவை வாழும் இடத்திற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஆண்டுதோறுமோ, சில ஆண்டுகளுக்கு ஒருமுறையோ அங்கே தீ வரும். வறண்ட பருவத்தின் இறுதியில் முதல் இடி இறங்கும். மலை முழுதும் பற்றி எரியும். மனிதரும் காலங்காலமாக மேய்ச்சலுக்காகத் தீ வைத்து வந்துள்ளனர். புல் எரிந்து சாம்பலாகும். ஆனால் டிராக்கென்ஸ்பர்க் மலைச்சரிவில் நிற்கும் ‘புரோட்டியா ரூப்பெல்லியே’ என்ற மரம் தன் தடித்த கரிய பட்டைக்குள் உயிரைப் பொதிந்துகொண்டு நின்றுவிடும். கன்றுகள் மாண்டுபோம், வளர்ந்த மரம் பிழைக்கும். அங்கோலாவின் பெயர் கொண்ட இனத்தில் ஒரு குட்டை வகை இருக்கிறது. அது இன்னும் விந்தையானது. தன் மரத்தை முழுவதும் மண்ணுக்குள் புதைத்து வைத்துக்கொண்டு, தீ கடந்தபின் முழங்கால் உயரத் தளிர்களை மட்டும் வெளியே அனுப்பிப் பூக்கும். இத்தகைய செடிகள் நிறைந்த நிலப்பரப்பை ஆப்பிரிக்காவின் ‘நிலத்தடிக் காடுகள்’ என்று பிராங்க் ஒயிட் என்ற தாவரவியலார் 1976இல் அழைத்தார். மேலே நின்று பார்ப்பவனுக்குப் புல், கீழே காடு.

வரலாற்றுக்கு வருவோம். ஐரோப்பியர் கையில் கிடைத்த முதல் புரோட்டியா ஓர் உலர்ந்த பூத்தலை. ஒல்லாந்து மாலுமிகள் கொண்டுசென்ற அதனைக் குளூசியஸ் என்ற அறிஞர் 1605இல் தம் நூலில் விவரித்தார். முள்ளிச்செடியின் வகையென்றே அவர் அதை எண்ணினார். கடலோடிகளின் மூட்டையிலிருந்து வந்த பொருளுக்கு அதைவிட நல்ல முகவரி எப்படிக் கிடைக்கும்? பிறகு 1652இல் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப் முனையில் கோட்டை அமைத்தது. கீழ்த்திசை செல்லும் அதன் கப்பல்கள் யாவும் அங்கே தங்கிக் குடிநீரும் இறைச்சியும் காய்கறியும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது விதியாயிற்று.

குளச்சல் வாசகர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். 1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 10 அன்று மார்த்தாண்ட வர்மரின் படையிடம் தோற்ற ஒல்லாந்தர், இலங்கையிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் ஐரோப்பாவில் பிறந்தோர் அனைவரும் கேப் துறையைத் தொட்டுத்தான் இக்கடலுக்குள் நுழைந்திருக்க வேண்டும். தளபதி தெ லனோயும் அப்படியே. பின்னாளில் புனிதர் தேவசகாயத்திற்கு இயேசுவைப் பற்றி எடுத்துரைத்து, 1777இல் உதயகிரிக் கோட்டையில் அடக்கம் பெற்ற அம்மனிதர், இளமையில் மேசை மலையின் அடிவாரத்தில் சில நாள் காலாற நடந்திருப்பார். அம்மலைச்சரிவெங்கும் புரோட்டியாப் புதர்கள். அவற்றை ஒல்லாந்தர் ‘சர்க்கரைப் புதர்’ என்றனர். பூக்களில் ததும்பும் தேனை உதிர்த்து, வடித்து, காய்ச்சிப் பாகாக்கி, இருமலுக்கு மருந்தாக உண்டனர். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியும் சுக்குக் கருப்பட்டியும் கண்ட நம் பனைத்தொழிலாளர்களுக்கு அந்த அடுப்படியின் மணம் அந்நியமாக இருந்திராது.

ஒல்லாந்தரைப் பற்றிப் பேசும்போது அவர்களுள் ஒருவரை மறந்துவிடலாகாது. மலபார்த் தளபதியாக 1670 முதல் 1677 வரை கொச்சியில் இருந்த ஹென்றிக் வான் ரீடு, நம் மேற்குக் கடற்கரையின் செடிகொடிகளைப் பன்னிரண்டு பெருந்தொகுதிகளாக்கினார். ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. கால்வினியக் கம்பெனியின் தளபதிக்கு இப்பணியில் தொடக்கத்தில் துணைநின்றவர் மத்தேயு என்ற இத்தாலியக் கார்மேல் துறவி. சமயப் பகை கொழுந்துவிட்டெரிந்த நூற்றாண்டில் இருவரையும் ஒரு மேசையில் அமர்த்தியது செடிகள்தாம். நூலின் பெருமை அதன் படங்களில் மட்டும் இல்லை. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் 1675இல் எழுதிக்கொடுத்த சான்றுரை அதில் அச்சாகியுள்ளது. செடிகளின் தலைப்புப் பெயர்களே மலையாளப் பெயர்கள். இதே வான் ரீடு 1685இல் கம்பெனியின் ஆணையராகக் கேப் முனையில் இறங்கி அங்குள்ள குடியேற்றத்தை ஆய்வு செய்தார். மலபாரின் செடிகளுக்கு அவர் செய்த சிறப்பை அந்நாட்டுச் செடிகளுக்குச் செய்ய அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. 1691இல் சூரத்தை நோக்கிய பயணத்தில் கடலிலேயே இறந்தார். கேப் நாட்டின் கோய்கோய் மக்களில் ஓர் அச்சுதன் கிடைத்து, அவன் சொன்ன பெயர்கள் அச்சேறியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

பெயர் பற்றிய இவ்வேக்கம் வெறும் ஏக்கமன்று. மலைப் புரோட்டியாக்களுள் ஒன்றுக்கு அந்த நற்பேறு உண்மையிலேயே கிடைத்தது. நீல நைலின் ஊற்றைத் தேடி எத்தியோப்பியா சென்ற ஸ்காட்லாந்தியர் ஜேம்ஸ் புரூஸ், அங்குள்ள மலையொன்றில் ஒரு செடியைக் கண்டார். ஊரார் அதனைக் ‘ககுவேதி’ என்றனர். அப்பெயருடனேயே அதன் படத்தை 1790இல் தம் பயண நூலில் சேர்த்தார். மறு ஆண்டே ஜெர்மானியர் மெலின் அதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, எத்தியோப்பியரின் சொல்லை அப்படியே நிறுத்தினார்: ‘புரோட்டியா ககுவேதி’. (அந்த ஊற்றைப் புரூசுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1618இல், கண்டுவிட்டவர் இயேசு சபைக் குரு பேத்ரோ பாயெஸ். புரூஸ் இதை ஒப்புக்கொள்ள மறுத்தார் என்பதை இங்கே கோள் சொல்லாமல் விட நமக்கு மனமில்லை.)

மற்றொன்றுக்கு அவ்வாறு நேரவில்லை. மேலே சொன்ன டிராக்கென்ஸ்பர்க் மரத்தின் பெயரில் இருக்கும் ‘ரூப்பெல்’ யார்? இங்கேதான் மதராஸ் வருகிறது. அரபெல்லா எலிசபெத் பிகட் 1817இல் இங்கிலாந்தில் ஒரு பங்குக் குருவானவரின் மகளாய்ப் பிறந்தார். ஆங்கிலிக்கன் சபையில் அது இயல்பு. 1840இல் தாமஸ் பூன் ரூப்பெல் என்பவரை மணந்தார். கணவர் மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர். அந்நாளில் நம் வெயிலில் வாடிய கம்பெனி அலுவலர்கள் நீண்ட விடுப்பைக் கழிக்கக் கேப் நகருக்குக் கப்பலேறுவது வழக்கம். ரூப்பெல் தம்பதியரும் 1843இல் அங்கே சென்று இரண்டாண்டுகள் தங்கினர். அரபெல்லா பொழுதுபோக்காகக் காட்டுப்பூக்களை வரைந்தார். கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த நத்தானியேல் வாலிக்கும் அப்போது உடல்நலம் தேடி அங்கே வந்திருந்தார். தற்செயலாக அவ்வோவியங்களைக் கண்டவர், இவை பெட்டிக்குள் கிடக்கத் தக்கவையல்ல என்று அச்சேற்ற முயன்றார். 1849இல் பெரிய அளவில், வண்ணத்தில், லண்டனில் நூல் வெளிவந்தது. தாவர விளக்கம் எழுதியவர் வில்லியம் ஹார்வி என்ற அறிஞர். ஓவியரின் பெயர் மட்டும் முகப்பில் இல்லை. ‘ஒரு சீமாட்டி’ என்றிருந்தது.

1856இல் மெயிஸ்னர் என்ற தாவரவியலார், டிராக்கென்ஸ்பர்க் பகுதியின் அம்மரத்தைப் புதிய இனமாக விவரித்தபோது, பெயரின்றி நின்ற அந்தச் சீமாட்டியின் பெயரை அதற்குச் சூட்டினார். ஒருவகையில் இது நீதியே. முகப்பில் மறைக்கப்பட்ட பெண்ணின் பெயர், மூவாயிரம் மீட்டரைக் கடந்து எழும் மலைத்தொடரின் சரிவுகளில் ஆயிரமாயிரம் மரங்களில் எழுதப்பட்டுவிட்டது. அரபெல்லா 1914 வரை, ஏறக்குறைய நூறாண்டு, வாழ்ந்தார்.

ஆனால் மரத்திற்கு அதற்கு முன் பெயரே இல்லையா? சூலு மக்கள் புரோட்டியாவை ‘இசிகலாபா’ என்கின்றனர். டிராக்கென்ஸ்பர்க் மலைக்கே அவர்கள் மொழியில் வேறு பெயர்: ‘உகாலாம்பா’, ஈட்டிகளின் அரண். இப்பெயர்களைத் திரட்டிப் பேணியவர்களுள் நம்மவர் ஒருவர் இருந்தார் என்பதில் நமக்குச் சற்றுப் பெருமிதம் உண்டு. சூலு நாட்டில் பணிபுரிந்த ஜெர்மானியக் கத்தோலிக்க மறைபரப்பாளர் யாக்கோபு கெர்ஸ்ட்னர், 1938 முதல் 1941 வரை சூலு மொழியின் செடிப்பெயர்களைப் பட்டியலாக வெளியிட்டார். குருமடத்தில் தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தைப் படித்த நாட்களில், பெயரிடுதல் என்பது ஆதாமுக்குத் தரப்பட்ட அதிகாரம் என்று நமக்குக் கற்பித்தார்கள். அப்பகுதியை நிதானமாக வாசித்தால் ஆதாம் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும்தான் பெயரிடுகிறான். செடிகொடிகளைப் பற்றி அங்கே பேச்சில்லை. அவன் பெயரிடத் தொடங்கும் முன்னரே அவை தோட்டத்தில் நின்றன. பெயரிடுபவனைவிடப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்பவன் ஆதாமுக்கு நெருங்கிய உறவினன் என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது. கெர்ஸ்ட்னர் அடிகளார் அத்தகையவர்.

அந்த மலைகளைத் தமிழர் அறியாதவர் அல்லர். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ கப்பல் டர்பன் துறையில் 342 ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களுள் பலர் கரும்புத் தோட்டங்களிலிருந்து உள்நாட்டுக்கு நகர்ந்து நியூகாசில், டண்டி நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்தனர். டர்பனிலிருந்த பிரெஞ்சுக் குரு சபோன், அமலமரித் தியாகிகள் சபையினர், அவர்களுக்காகத் தமிழ் கற்றார். 1913இல் மூன்று பவுன் வரியை எதிர்த்து வேலையை உதறிய சுரங்கத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு நியூகாசிலிலிருந்து எல்லையை நோக்கி நடந்தார்கள். நவம்பர் 6 அன்று காந்தியடிகள் நடத்திச்சென்ற கூட்டத்தில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 பிள்ளைகளும் இருந்தனர். அவர்கள் நடந்த வடக்கு நேட்டால், டிராக்கென்ஸ்பர்க்கின் அடிவாரம். புரோட்டியா வளரும் புல்வெளி நாடு. எரிந்த கொள்ளியைப் போல் கறுத்து நிற்கும் அம்மரங்களுக்குத் தமிழில் அவர்கள் ஏதேனும் பெயர் வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு எழுத அங்கே எந்தக் கெர்ஸ்ட்னரும் இருக்கவில்லை.

இனி நம் மலைகள். புரோட்டியாக் குலத்தின் செடி எதுவும் இங்கே இயற்கையாக இல்லை. ஆனால் அதன் பெருங்குடும்பத்தார் இருவர் உண்டு. ஒருவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கும், மிளகுக்கொடி படரவும் வரிசையாக நிற்கும் சில்வர் ஓக். மற்றவர் மண்ணின் மைந்தர். மதராஸ் வனத்துறையின் பெடோம் விவரித்து நீலகிரியின் பெயரைச் சூட்டிய ‘ஹெலிசியா’ என்ற சிறுமரம். ஆயினும் வாழும் முறையில் டிராக்கென்ஸ்பர்க் மரத்திற்கு இணை நம் நாட்டில் வேறொன்று. நீலகிரி, பழனிமலை, ஆனைமலை உச்சிகளில் புல்வெளியின் நடுவே தனித்து நிற்கும் காட்டுப்பூவரசு, இரத்தச்சிவப்பில் பூப்பது. சோலைக்காட்டின் மற்ற மரங்கள் புல்வெளியை எட்டிப்பார்க்க அஞ்சும்போது, இது மட்டும் தடித்த பட்டையோடு வெளியே வந்து, பனியையும் தீயையும் தாங்கி நிற்கும். இரு மரங்களும் உறவினர் அல்ல. ஒரே வகைத் துன்பம் இருவருக்கும் ஒரே வகை உடையை அணிவித்திருக்கிறது.

நம் குமரி மாவட்டத்துக்கும் மலைப்புல்வெளி உண்டென்பது இங்கே பலருக்குத் தெரியாது. மேல்கோதையாற்றை அடுத்து, ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், முத்துக்குழிவயல் விரிந்து கிடக்கிறது. பெயரில் வயல், விளைவது புல். மகேந்திரகிரியின் 1,654 மீட்டர் உச்சியை ஒட்டியும் புல்மேடுகள் உள்ளன. மழைக்காலத்தில் இவை பஞ்சுபோல் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை ஓய்ந்தபின் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுகின்றன. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையை எழுப்பிய மிஞ்சின் துரையை நாஞ்சில் நாட்டு உழவர் இன்றும் நன்றியோடு நினைக்கின்றனர், நினைக்க வேண்டியதே. அணைக்கு மேலே, அணைக்கும் முன்பே, நீரைத் தேக்கிக் கொடுத்த புல்லுக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

சிலை வைக்காதது மட்டுமா? ஆங்கிலேய ஆட்சியின் நிலப்பதிவுகளில் புல்வெளி ‘பாழ்’ என்று எழுதப்பட்டது. மரம் நின்றால் வருவாய். பயிர் நின்றால் வரி. புல் நின்றால் பாழ். அசம்பு மலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காடழித்துக் காப்பி நட்டார்கள். 1870களின் இலைநோய் அதைத் தின்றது. நீலகிரியில் 1840களில் ஆஸ்திரேலியாவின் தைலமரமும் சீகையும் புல்வெளியில் நடப்பட்டன. விடுதலைக்குப் பின் நாமும் அதையே, இன்னும் முனைப்பாக, தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் கூழுக்காகவும் செய்தோம். அதே கருஞ்சீகை 1864இல் நேட்டாலுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று இசிகலாபா நிற்கும் புல்வெளிகளை மூடி, ஓடைகளின் நீரைக் குடித்து வருவதும் அதுவே. தென்னாப்பிரிக்க அரசு 1995இல் ‘நீருக்காக உழைத்தல்’ என்ற திட்டத்தில் ஏழைகளுக்குக் கூலி கொடுத்து அயல்மரங்களை வெட்டத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது 2022இல்.

புல்வெளி என்பது காட்டை அழித்ததால் உண்டான புண் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது, நாமும் நம்பினோம். 1993இல் நீலகிரியின் மலைச்சதுப்புகளில் அடுக்கடுக்காய் மக்கிய மண்ணை ஆராய்ந்த இந்திய அறிவியலார், இருபதாயிரம் ஆண்டுகளாகவே அங்கே புல் இருந்து வந்திருப்பதைக் காட்டினர். வறண்ட, குளிர்ந்த காலத்தில் புல் பரவும். ஈரம் மிகுந்த காலத்தில் சோலை விரியும். கோடரி பிறப்பதற்கு முன்பே அவ்விரண்டும் எல்லை பேசிக்கொண்டிருந்தன. மறைநூலில் ‘புல்’ என்ற சொல் வந்தாலே அழிவையும் நிலையாமையையும் விளக்கிப் பழகிய நம் போன்ற போதகர்களுக்கு இச்செய்தி சற்றுச் சங்கடமானது. எசாயாவும் திருப்பாடலாசிரியரும் கண்ட புல் பாலஸ்தீனத்தின் ஒருபருவப் புல். மலைப்பொழிவில் ஆண்டவர் சாலமோனின் ஆடையோடு ஒப்பிட்ட பூக்களையே அடுத்த வரியில் வயல்வெளிப் புல் என்று அழைக்கிறார் என்பதைப் பல ஆண்டுகள் பிரசங்கித்தும் நாம் கவனிக்கவில்லை. பூவும் புல்லும் அவருக்கு இரண்டாக இருக்கவில்லை.

கவனிக்காததன் பலனை நேரிலும் கண்டோம். திருத்தந்தை பிரான்சிசின் ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடல் 2015இல் வெளிவந்தது. அதன் 39ஆம் பத்தி, இயற்கைக் காடுகளை அகற்றி ஒற்றைவகை மரத்தோட்டங்கள் அமைப்பதன் விளைவுகள் போதிய அளவு ஆராயப்படுவதில்லை என்று எச்சரிக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான், மறு ஆண்டு ஆரல்வாய்மொழிப் பக்கத்துப் பொத்தை ஒன்றில், அப்போதைய நம் பங்கின் இளைஞர்களோடு ஐந்நூறு மரக்கன்றுகளை நட்டோம். அத்தனையும் ஒரே வகை. விரைவில் வளரும் என்று கொடுத்தார்கள். பத்தி காட்டைப் பற்றியது, பொத்தையோ வெறும் புல் என்பது நம் கணக்கு. பாட்டும் செபமும் புகைப்படமும் சிறப்பாகவே நடந்தேறின. இரண்டாம் கோடையில் எவரோ வைத்த தீ, காற்றோடு ஏறி ஒரே இரவில் எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

ஐப்பசி மழைக்குப் பின், இழப்பைக் கணக்கெடுக்க இளைஞர்களோடு ஏறினோம். கன்றுகளுக்கு நட்ட குச்சிகள் கரிக்கட்டைகளாக நின்றன. இஞ்சிப்புல் இடுப்பளவு எழுந்திருந்தது. அதன் நடுவே, சரிவு முழுவதும், செங்காந்தள். மஞ்சளும் சிவப்புமாய் விரல் மடக்கிய பூக்கள். அதன் கிழங்கு மண்ணுக்குள் ஆழக் கிடக்கும். தீ அதைத் தொடுவதில்லை. ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலும் இதே பூ உண்டு. சிம்பாப்வே நாட்டுக்குத் தேசிய மலர், நமக்கு மாநில மலர். தோவாளைச் சந்தைக்கு இதுவும் வருவதில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அருகே வந்தார். நாம் குச்சிகளை எண்ணுவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சாமி, இந்தப் பொத்தையில எங்க தாத்தா காலத்திலயும் மரம் நின்னதில்ல. நடுததுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பமே.”

அந்தப் புல்லுக்கு என்ன பெயர், அந்தச் சிறு நீலப்பூவுக்கு என்ன பெயர் என்று அவரிடம் கேட்டோம். பதினேழு பெயர்கள் சொன்னார். உடன்வந்த இளைஞன் ஒருவன், கன்றுகளின் கணக்கு எழுதக் கொண்டுவந்த நோட்டிலேயே அவற்றை எழுதிக்கொண்டான்.